ஸ்டீம்ஓஎஸ் முதல் பீட்டாவை நிறுவிய அனுபவங்கள்

2013 டிசம்பர் 13 அன்று ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், டிவியில் கணினி விளையாட்டுகள் ஆடுவதற்கான இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸின் முதல் பீட்டாவை (சோதனைப் பதிப்பை) வெளியிட்டது. அமெரிக்காவில் முந்நூறு பேருக்கு அது ஓடும் மாதிரி இயந்திரமே வீடு தேடிப் போனது. மற்றவர்களுக்கு ஒரு ஜிப் கோப்பு. லினக்ஸ் வகையான டெபியன் 7இன் மேல் கட்டியது என்றதும், அதே குடும்பத்து உபுண்டுவை வருடக்கணக்கில் ஓட்டியவன் என்ற திமிரோடு அன்றிரவே உட்கார்ந்துவிட்டேன்.

64 பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வட்டு, என்விடியா அட்டை, யூஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய வகை மென்பொருள்) உள்ள மதர்போர்டு. கேட்ட எல்லாமே என்னிடம் இருந்தன. பென்டிரைவை ஃபேட்32 வடிவத்துக்கு மாற்றி, ஜிப்பைப் பிரித்து அதில் கொட்டினால் போதும். கணினியை வரவேற்பறைக்குத் தூக்கி வந்து டிவியோடு இணைத்தேன்.

தானியங்கி நிறுவல் என்ற வரிக்குப் பக்கத்திலேயே, வட்டு அழிக்கப்படும் என்று பெரிய எழுத்தில் ஆச்சரியக்குறியோடு போட்டிருந்தது. மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். "பழைய விண்டோஸ் இருந்த வட்டுதான், போனால் போகட்டும்" என்று சொல்லி என்டரைத் தட்டினேன்.

பெட்டிக்குள் இன்னொரு வட்டும் இருந்தது. 'படங்கள் 2006–12' என்று பால்பாயின்ட் பேனாவால் நானே எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் அதன் மேல். மதர்போர்டில் வட்டுகளை இணைக்கும் முதல் சாட்டா செருகியில் மாட்டியிருந்ததும் அதுதான். நிறுவி எதையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டது. பாதி ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எச்சரிக்கை இருந்தது, எழுத்தும் பெரிது. யாரைக் குறை சொல்வது?

பிறகு 'ஸ்டீம்' என்ற பயனராக, அதே சொல்லைக் கடவுச்சொல்லாகக் கொடுத்து நுழைந்து உரிமத்தை ஏற்க வேண்டும். வெளியேறி, 'டெஸ்க்டாப்' பயனராக நுழைந்து ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். மீட்புப் பகிர்வை உருவாக்கிவிட்டு மறுபடி எழுந்தபோது, எட்டடி தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்துகளோடு, டிவிக்கென்றே ஸ்டீம் வைத்திருக்கும் பிக் பிக்சர் திரை. சோபாவில் சாய்ந்தபடி கன்ட்ரோலரால் நகர்த்தினேன். வருத்தத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுகளின் நூலகத்தைத் திறந்ததும் அது அடங்கிவிட்டது: லினக்ஸில் ஓடுபவை மட்டும்தான் தெரிந்தன. இருநூறுக்கு மேல் வாங்கிய கணக்கில் முப்பதுகூடத் தேறவில்லை. அன்று இரவு இரண்டு மணி வரை போர்ட்டல் என்ற விளையாட்டை ஆடினேன், ஆடி முடித்ததுதான் என்றாலும்.

* * *

உங்களுக்காவது நிறுவல் தொடங்கியது. என் மதர்போர்டில் யூஇஎஃப்ஐ கிடையாது. பென்டிரைவைச் செருகினால் கறுப்புத் திரையும் மினுக்கும் கோடும்தான். பயனர் ஒருவர் யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் உள்ள பழைய மதர்போர்டுகளிலும் ஏறும்படி திருத்தி வெளியிட்ட பதிப்புதான் கைகொடுத்தது. 2014 ஜனவரியில் வால்வே அந்த வசதியோடு ஒரு ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) சோதனைக்கு விட்டது. வட்டை நம் விருப்பப்படி பிரிக்கவும் அதில் வழி இருந்தது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் உங்கள் படங்கள் தப்பியிருக்கும்.

அந்த ஆண்டு மே மாதம் ஒரு கணினியில் ஓடும் விளையாட்டை வீட்டுக்குள் இன்னொன்றில் ஆடும் ஸ்ட்ரீமிங் வசதி எல்லோருக்கும் வந்த பிறகுதான் என் பெட்டிக்கு நிஜமான வேலை கிடைத்தது. மாடியில் விண்டோஸ் கணினி, கீழே டிவி. வைஃபையில் திக்கித் திக்கி வந்ததால் படிக்கட்டு ஓரமாகக் கேபிள் இழுத்தேன். அம்மா இரண்டு முறை இடறினார்கள். அதன் பிறகு ஆணியடித்து ஒதுக்கினேன்.

* * *

அண்ணா, அந்தப் படங்களை மீட்கப் பார்த்தீர்களா?

* * *

பார்த்தேன் தம்பி. அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளைப் போட்டு மூன்று நாள் தோண்டியதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் பழைய பெயரும் கோப்புறையும் போய், எல்லாம் 'எஃப்' என்று தொடங்கும் நீண்ட எண்கள். இன்னும் பிரித்து முடியவில்லை. மகளின் காதுகுத்தும் மைத்துனன் கல்யாணமும் ஒரே பந்தியில் நடந்ததுபோல் கலந்து கிடக்கின்றன.