நம் வீட்டு ஆட்கள்

கவின்: சித்தி, கல்லூரி மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்களின் மாதிரி வழக்காடலில், எனக்கு மெக்ளெஸ்கி வழக்கு. ஐகோர்ட்டிலிருந்து வந்ததும் கொஞ்சம் பேசலாமா?

தாம்பரம் மாமா: அது என்ன வழக்குடா?

கவின்: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், மாமா. வெள்ளையினப் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றதாக வாரன் மெக்ளெஸ்கி என்ற கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை. டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியர் குழு அங்கே 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்தது. இறந்தவர் கறுப்பினத்தவர் என்பதைவிட வெள்ளையர் என்றால் மரண தண்டனை விழும் வாய்ப்பு 4.3 மடங்கு.

தாம்பரம் மாமா: அப்புறம் என்ன, இனப் பாகுபாடு நிரூபணம் ஆகிவிட்டதே!

சித்தி: ஆகவில்லை அண்ணா. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளிவிட்டது. கணக்கு சரி என்றே வைத்துக்கொண்டார்கள். "உன் வழக்கில், உன்னைத் தண்டித்தவர் மனதில் இனப் பாகுபாடு இருந்ததைக் காட்டு" என்றார்கள். அங்கே தீர்ப்பு சொல்வது ஜூரி என்ற பொதுமக்கள் குழு. அந்த ஜூரி அறைக்குள் யார் என்ன நினைத்தார் என்று யாரால் காட்ட முடியும்? இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், முடிந்தால் அந்த வாக்கை மாற்றிக்கொள்வேன் என்று ஓய்வு பெற்ற பிறகு சொன்னார். மெக்ளெஸ்கியை 1991-இல் மின்சார நாற்காலியில் கொன்றுவிட்டார்கள்.

அத்தை: அய்யோ. அப்படியென்றால் யாருமே ஜெயித்தது இல்லையா?

சித்தி: காகிதம் சிக்கினால் ஜெயிக்கலாம் அண்ணி. டிமோதி ஃபாஸ்டர் என்ற கறுப்பினத்தவரின் கொலை வழக்கு, அதுவும் ஜார்ஜியாதான். அரசு வக்கீல்கள் தகுதியான கறுப்பின ஜூரிகள் எல்லோரையும் நீக்கினார்கள். கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். பல வருடம் கழித்து, நம் ஆர்டிஐ மாதிரி ஒரு சட்டத்தில் கோப்பை வாங்கிப் பார்த்தால், கறுப்பினத்தவர் பெயர்களில் பச்சை மை, பக்கத்தில் 'பிளாக்' என்பதற்கு 'பி' என்று குறி. 2016-இல் 7-க்கு 1 என்று ஜெயித்தார்.

அத்தை: அந்தக் குறியைப் போடாமல் இருந்திருந்தால்?

சித்தி: தப்பித்திருப்பார்கள். அதனால்தான் கலிஃபோர்னியா 2020-இல் தனிச் சட்டம் போட்டது. அங்கே உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, புள்ளிவிவரமும் செல்லும்.

தாம்பரம் மாமா: நம் ஊரில் ஜூரியே இல்லையேம்மா.

சித்தி: சிறை இருக்கிறதே அண்ணா. யார் சமைப்பது, யார் கழிவறை கழுவுவது என்று சாதி பார்த்துப் பிரித்த விதிகள் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் இருந்தன. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாக அடைத்ததும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அங்கே விதி அச்சில் இருந்தது, பிடி கிடைத்தது. சந்தேகக் கேஸ் என்று ராத்திரியில் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்பதற்கு அச்சில் ஒன்றும் இல்லை. கவின், வாதத்தில் இதை வை.

கவின்: சித்தி, எனக்குக் கொடுத்திருப்பது அரசுத் தரப்பு.

சித்தி: சரி, அப்படியானால் பவல் எழுதியதை முழுசாகப் படி. இந்தக் கணக்கை ஏற்றால் எல்லாத் தண்டனையும் கேள்விக்குள்ளாகும் என்பதுதான் அவர் வாதம். நீதி அளவுக்கு மீறிக் கிடைத்துவிடுமோ என்ற பயம் இது என்று நீதிபதி பிரென்னன் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். ஏழு மணிக்குக் கூப்பிடு.