பொருள்: ஆளெடுக்கும்போது வேலை கொடுத்துப் பார்க்கும் தேர்வு – தமிழில் என்ன சொல்லலாம்?

கோவையிலிருந்து, கையேடு எழுதுபவர்:

குழுமத்தாருக்கு வணக்கம்.

சிறுதொழில் நடத்துவோருக்காக ஆளெடுப்புக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பணி விவரம், நேர்காணல், பணி நியமன ஆணை ஆகியவற்றில் சிக்கல் இல்லை. 'புரொபேஷன்' என்பதற்குத் 'தகுதிகாண் பருவம்' அரசு அலுவலகங்களில் என்றோ நிலைத்துவிட்டது. அதை ஆக்கியவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம். நான் தடுக்கி நின்ற இடம் 'ஒர்க் சாம்பிள் டெஸ்ட்'.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பம்பு கம்பெனிக்குக் கணக்கர் வேண்டும். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே முதலாளியும், ஓய்வு பெறப்போகும் பழைய கணக்கரும் உட்கார்ந்து ஒரு கோப்பு தயாரிக்கிறார்கள். ஒரு மாதத்துக் கொள்முதல் பில்கள், ரொக்க ஏடு, வங்கி அறிக்கை. பெயர்களும் கணக்கு எண்களும் மாற்றப்பட்டவை. உள்ளே மூன்று முடிச்சுகள். ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கும். கொடுத்த காசோலை ஒன்று வங்கியில் இன்னும் பணமாகியிருக்காது. பெங்களூரிலிருந்து வந்த வார்ப்புக்கு வெளிமாநிலக் கொள்முதலுக்கான ஐஜிஎஸ்டி வரி காட்ட வேண்டிய இடத்தில், உள்மாநிலக் கொள்முதலுக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துக் காட்டியிருக்கும். வருகிறவர் ஒன்றரை மணி நேரத்தில் ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டு, கண்ணில் பட்டதைக் குறித்துத் தர வேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதும் அன்றே எழுதி வைக்கப்பட்டுவிடும்.

இந்தக் கோப்பைத் தயாரிக்கும்போதுதான் தனக்கு என்ன ஆள் வேண்டும் என்பது முதலாளிக்கே தெரிய வருகிறது. 'பி.காம்., ஐந்தாண்டு அனுபவம்' என்று தொடங்கியவர், 'மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வதை யாரும் நினைவூட்டாமல் முடிப்பவர்' என்று வந்து நிற்கிறார். விளம்பர வாசகமே மாறிவிடுகிறது. அதனால்தான் இதைக் கையேட்டின் முதல் அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன். சொல் தாருங்கள்.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனி மேலாளர்:

ஐயா, இதற்கு எதற்குப் புதுச்சொல்? நாங்கள் 'டிரையல்' என்கிறோம். ஓவர்லாக், பேட்லாக் மெஷின் டெய்லர் யார் வந்தாலும் வெட்டிய துண்டுகளைக் கொடுத்துக் கழுத்துப் பட்டையான ரிப்பை ஏற்றச் சொல்வோம். தோள் தையலில் ரிப் சுருங்குகிறதா, இழுத்தால் நூல் அறுகிறதா என்று லைன் சூப்பர்வைசர் விரலால் இழுத்துப் பார்ப்பார். இரண்டு நிமிட வேலை. வந்தவருக்கும் புரியும், பார்ப்பவருக்கும் புரியும்.

கோவையிலிருந்து:

நீங்கள் சொல்வது சரியான தேர்வுதான், மேலாளர் ஐயா. ஆனால் 'டிரையல்' என்ற பெயரில் வேறொன்றும் நடக்கிறது. காலை எட்டு மணிக்கு உட்கார வைத்து, ஷிப்மென்ட் போக வேண்டிய சரக்கை இரவு வரை தைக்க வைத்து, 'சொல்லி அனுப்புகிறோம்' என்று கூலியில்லாமல் அனுப்புவதற்கும் அதுதான் பெயர். அங்கே மதிப்பெண்ணும் இல்லை, எல்லாருக்கும் ஒரே வேலையும் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், கையேட்டைப் படித்தவர் 'நான்தான் எப்போதும் டிரையல் பார்க்கிறேனே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

மதுரையிலிருந்து, தமிழாசிரியை:

உடனே தோன்றும் சொற்களை முதலில் பார்த்துவிடுவோம். 'மாதிரிப் பணித் தேர்வு' என்றால் பெற்றோர் காதில் முழுஆண்டுத் தேர்வுக்கு முன் நடக்கும் மாதிரித் தேர்வுதான் ஒலிக்கும். 'செய்முறைத் தேர்வு' என்றால் வேதியியல் ஆய்வகம். 'திறனறி தேர்வு' பள்ளிக் கல்வித்துறை எடுத்துக்கொண்டுவிட்ட சொல். ஆங்கிலத்தில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஏற்கெனவே குடியிருப்பவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.

'கைத்தேர்வு' என்று வைத்தால் என்ன? கைதேர்ந்த தச்சர், கைதேர்ந்த வழக்கறிஞர் என்கிறோம். ஒருவர் கைதேர்ந்தவரா என்று பார்ப்பது கைத்தேர்வு. 'தேர்வு' என்பதில் சோதிப்பதும் இருக்கிறது, பொறுக்கி எடுப்பதும் இருக்கிறது. இங்கே நமக்கு இரண்டும் வேண்டும்.

சென்னையிலிருந்து, மனிதவளத் துறையில் இருப்பவர்:

கைத்தேர்வுக்கு என் வாக்கு உண்டு. 'திறனறி' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். அந்தச் சொல் அளவுக்கு மீறி வாக்குறுதி தருகிறது. 1998இல் உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, தேர்வில் பெறும் மதிப்பெண்ணும் பின்னால் வேலையில் காட்டும் திறமையும் எவ்வளவு ஒட்டிப்போகின்றன என்று கணக்கிட்டார்கள். முழுமையாக ஒட்டினால் 1, ஒட்டவே இல்லையென்றால் 0. வேலை கொடுத்துப் பார்க்கும் இந்த வகைத் தேர்வுக்கு 0.54 கிடைத்தது; பட்டியலில் முதல் வரிசை. 2022இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கீட்டு முறையிலேயே குறை கண்டு திருத்தினார்கள். 0.33 ஆக இறங்கியது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42. ஆகவே கையேட்டில் இரண்டையும் சேர்த்தே பரிந்துரையுங்கள். சரக்கு அனுப்பாத வியாபாரியிடம் தொலைபேசியில் எப்படிப் பேசுவார் என்பதை வங்கிப் பட்டியல் சொல்லாது.

திருச்சியிலிருந்து, வெல்டிங் பயிற்றுநர்:

எங்கள் துறையில் இது பழைய சங்கதி. வளைகுடாவுக்கு ஆளெடுக்க வருகிறவர்கள் சான்றிதழைப் பார்ப்பதோடு சரி. 'டிரேடு டெஸ்ட்' முடியாமல் பேச்சே இல்லை. 6ஜி என்ற வெல்டிங் நிலை என்றால் குழாயை 45 பாகை சாய்த்து, திருப்ப முடியாதபடி பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். மேலே நன்றாகப் போடுகிறவர் அடிப்பக்கம் வரும்போது தலையைச் சாய்த்து, கை நடுங்க நிற்பார். பிறகு எக்ஸ்ரே. எத்தனை மில்லிமீட்டர் குறை வரை ஏற்கலாம் என்பது முன்கூட்டியே அச்சில் இருப்பதால், தேர்வாளருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடமில்லை.

'தொழில் தேர்வு' போதும் என்று எழுத வந்தேன். பிளஸ் டூ முடித்தவர் எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் அதுவே பொருளாகிவிடும் போலிருக்கிறது. ஒரு சந்தேகம்: 'கைதேர்ந்த' என்பதில் ஒற்று இல்லையே, 'கைத்தேர்வு' என்பதில் எங்கிருந்து வந்தது?

மதுரையிலிருந்து:

நல்ல கேள்வி. கைதேர், கைகொடு போன்ற வினைகளில் மிகாது. 'கைப்பற்று' போன்ற சில முரண்டு பிடிக்கும். பெயரோடு பெயர் சேரும்போது கைத்தொழில், கைத்தறி, கைப்பிடி என்று மிகும். கைத்தேர்வு பெயர்ச்சொல். ஒற்றில்லாமல் எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். இங்கே சோதிப்பது பரீட்சை, எடுப்பது தெரிவு. பாடசாலையில் செயன்முறைப் பரீட்சை, வேலைக்கு நேர்முகப் பரீட்சை. ஆசிரியை அம்மா 'தேர்வு' என்ற சொல்லில் காணும் இரட்டைப் பொருள் எங்கள் வாசகருக்கு உடனே எட்டாது. 'கைப்பரீட்சை' என்று மாற்றினால் சிரிப்பார்கள். 'கைதேர்ந்த' என்ற சொல் எங்களிடமும் உண்டு என்பதால் கைத்தேர்வைப் புரிந்துகொள்வார்கள், ஆனால் முதல் தடவை விளக்கம் வேண்டும். 'செய்துகாட்டும் பரீட்சை' என்று இணைச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள்.

திருப்பூரிலிருந்து:

கூலியில்லாமல் தைக்க வைப்பதைப் பற்றி எழுதியது உறைத்தது. எங்கள் ஊரில் நடக்காததில்லை. விளக்கத்திலேயே அதை அடைத்துவிடுங்கள். தைத்த துண்டு விற்பனைக்குப் போகக் கூடாது. போனால் கூலி கொடுக்க வேண்டும். கேட்டில் தொங்கும் அட்டையில் 'டிரையல்' என்ற சொல்லை நான் எடுக்கப்போவதில்லை, படித்துவிட்டு உள்ளே வருகிறவருக்கு அதுதான் தெரியும்.

கோவையிலிருந்து:

அட்டையில் இருக்கட்டும், ஐயா. கையேட்டில் கீழ்க்கண்டவாறு சேர்க்கிறேன்.

கைத்தேர்வு (பெயர்ச்சொல்): பணிக்கு எடுக்கும் முன், அந்தப் பணியில் உண்மையாகவே செய்ய வேண்டிய ஒரு பகுதியைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது. விளம்பரத்துக்கு முன்பே வேலையும் நேரமும் மதிப்பெண் பங்கீடும் எழுதப்பட்டிருக்கும். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒன்றே. விளைபொருளை நிறுவனம் பயன்படுத்தினால் கூலி உண்டு. இலங்கை வழக்கு: செய்துகாட்டும் பரீட்சை.

'கை' என்பதால் உடலுழைப்பு வேலைக்கு மட்டும் என்று எண்ணிவிடாதபடி, கணக்கரையும் வெல்டரையும் அடுத்தடுத்து எடுத்துக்காட்டாக வைக்கிறேன். திருச்சி ஐயா, 6ஜி குழாயைக் கோட்டுப்படமாக வரைந்து அனுப்ப முடியுமா? கோணம் சரியாகத் தெரிய வேண்டும். அடுத்து, முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கும் 'ரெஃபரன்ஸ் செக்'. 'நன்னடத்தை விசாரணை' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது, வேறு பாருங்கள்.