நீர்க்குடுவைக்கு மாற்று வடிகட்டி: வெள்ளையா, நீலமா, விலை மலிவான ‘பொருந்தும்’ வகையா?

பழையவீட்டுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் 1938ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு மாதங்களாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் மனைவி, ஏழு மாதக் குழந்தை, திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா என வீட்டில் நான்கு பேர். பத்துக் கோப்பை கொள்ளும், தண்ணீரை வடிகட்டித் தரும் பிரிட்டா நிறுவனக் குடுவை ஒன்று எங்களிடம் உள்ளது. அதனுடன் வந்த வெள்ளை வடிகட்டி முடிந்துவிட்டதால் புதிதாக வாங்கச் சென்றபோது கடையில் மூன்று வகைகளைப் பார்த்தேன். ஒன்று அதே வெள்ளை. இன்னொன்று ‘எலீட்’ என்ற பெயருடன் ஆறு மாதம் உழைக்கும் என்று எழுதப்பட்ட நீலம். மூன்றாவது, ‘பிரிட்டா குடுவைக்குப் பொருந்தும்’ என்று மட்டும் அச்சிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்கப்படும் வேறு தயாரிப்பு.

குடிப்பதற்கும், குழந்தைக்குப் பால்மாவு கரைப்பதற்கும், சமையலுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஏழு லிட்டர் வரை வடிகட்டுகிறோம். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த அம்மாவுக்கு இங்குள்ள குளோரின் வாசனை பிடிக்கவில்லை. வடிகட்டியதையும் ஒருமுறை கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்கிறார். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவும் சேர்கிறது. விலை வேறுபாட்டைத் தவிர இம்மூன்றுக்கும் உண்மையான வேறுபாடு ஏதேனும் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிரட்டைக்கரி:

நண்பருக்கு வணக்கம். நீர்ச் சுத்திகரிப்புத் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வடிகட்டியின் நிறமன்று. 1938 என்ற ஆண்டும் ஏழு மாதக் குழந்தையும்தான். குழந்தைகளுக்கு நஞ்சான காரீயத்தை அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களில் பயன்படுத்துவது 1986இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட வீடு என்றால், தெருவிலுள்ள பெருங்குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாயே காரீயமாக இருக்க வாய்ப்பு உண்டு. (அம்மாவிடம் சொல்லும்போது ‘ஈயம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வந்து, அதனால் என்ன கெடுதல் என்று கேட்பார். அது வெள்ளீயம், இங்கே பேசுவது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.)

இப்போது வடிகட்டிக்கு வருவோம். இவ்வகைக் குடுவைகளின் வடிகட்டிக்குள் பொதுவாக இருப்பவை இரண்டு பொருள்கள்: தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வூட்டிய கரி ஒன்று, அயனிப் பரிமாற்றப் பிசின் மற்றொன்று. கரி குளோரினையும் அதன் வாசனையையும் பிடித்துக்கொள்ளும். பிசின் தாமிரம் போன்ற சில உலோகங்களைப் பிடிக்கும். ஆனால் எந்த உலோகத்தை எவ்வளவு பிடிக்கும் என்பது ஒவ்வொரு வடிகட்டிக்கும் மாறுபடும். வெள்ளை வடிகட்டி குளோரின், தாமிரம், பாதரசம், காட்மியம் ஆகியவற்றைக் குறைப்பதற்குச் சான்று பெற்றது; காரீயத்துக்கு அதற்குச் சான்று இல்லை. நீல எலீட் வடிகட்டிக்குக் காரீயத்துக்கும் சான்று உண்டு. உங்கள் நிலையில் இந்த ஒரு வேறுபாடே தேர்வை முடிவு செய்துவிடும் என்பது என் கருத்து.

பெட்டியில் பார்க்க வேண்டியது, தரச்சான்று அமைப்பான என்.எஸ்.எஃப். வகுத்த தர எண். 42 என்றால் சுவை, வாசனை, குளோரின் தொடர்பானது. 53 என்றால் உடல்நலத்தைப் பாதிக்கும் பொருள்கள் தொடர்பானது. 401 என்றால் மருந்து எச்சங்கள் போன்ற புதுவகை மாசுகள் தொடர்பானது. 53 என்ற எண் இருந்தால் மட்டும் போதாது. அதற்குக் கீழே காரீயம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் வெள்ளை வடிகட்டியும் பாதரசத்தின் பொருட்டு 53 என்ற எண்ணைத் தாங்கியே வருகிறது. ‘தரப்படி சோதிக்கப்பட்டது’ என்ற தொடருக்கும் ‘சான்றளிக்கப்பட்டது’ என்ற தொடருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னதை உற்பத்தியாளர் தாமே சொல்லிக்கொள்ளலாம். பின்னதற்கு என்.எஸ்.எஃப்., டபிள்யூ.கியூ.ஏ., ஐ.ஏ.பி.எம்.ஓ. போன்ற அமைப்புகளின் பட்டியலில் அந்த வடிகட்டியின் எண் இருக்க வேண்டும். இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். மலிவான ‘பொருந்தும்’ வகைகளுள் சான்று பெற்றவையும் உண்டு என்பதால் எல்லாவற்றையும் ஒதுக்க மாட்டேன். எனினும் நான் ஒருமுறை இணையத்தில் வாங்கிய மலிவு வடிகட்டி குடுவையின் பள்ளத்தில் இறுக்கமாக அமரவில்லை. ஊற்றிய தண்ணீர் கரியைத் தொடாமலேயே ஓரத்தின் வழியாக இறங்கிக்கொண்டிருந்ததை, வழக்கத்தைவிட விரைவாகக் குடுவை நிறைந்தபோதுதான் கவனித்தேன்.

‘ஆறு மாதம்’ என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். வெள்ளை வடிகட்டியின் கொள்ளளவு 40 கேலன், அதாவது சுமார் 151 லிட்டர். நீலத்துக்கு 120 கேலன், சுமார் 454 லிட்டர். நாளுக்கு இரண்டரை லிட்டர் செலவழிக்கும் வீட்டில்தான் நீலம் ஆறு மாதம் வரும். சோறும் ரசமும் வடிகட்டிய நீரில் சமைக்கும் உங்கள் வீட்டில் ஏழு லிட்டர் என்ற கணக்கில் நீலம் 65 நாள்களில் முடியும், வெள்ளை மூன்று வாரத்தில் முடியும். குடுவை மூடியிலுள்ள விளக்குகள் பெரும்பாலும் நாள்களையோ, மூடி திறக்கப்படும் தடவைகளையோதான் எண்ணுகின்றன. நீரின் தரத்தை அவை அளப்பதில்லை.

அம்மா கொதிக்க வைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மிச்சமுள்ள நீரில் காரீயத்தின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். அதேபோல் சமையலுக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்கவே வேண்டாம். சூடான நீர் காரீயத்தை அதிகமாகக் கரைக்கும்.

தேம்ஸ்கரை:

சிரட்டைக்கரி ஐயாவின் விளக்கம் அருமை. நான் இலண்டனிலிருந்து எழுதுகிறேன். கெட்டில் படிவைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் அதைச் சொல்லிவிடுகிறேன். இங்கு சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறிவரும் நீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். குழம்பு வைத்த பாத்திரத்தைவிடக் கெட்டிலைத் தேய்ப்பதுதான் பெரும்பாடு. அதனால் இங்கு விற்கும் பிரிட்டாவின் ‘மேக்ஸ்ட்ரா’ வடிகட்டிகளில் கடினத்தன்மையைக் குறைக்கும் பிசின் முக்கியப் பங்கு வகிக்கிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அமெரிக்க வடிகட்டிகள் அந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே நீலம் வாங்கினாலும் உங்கள் கெட்டிலில் படிவு வந்துகொண்டுதான் இருக்கும். அது கால்சியம், மெக்னீசியம் உப்புதான். குடிப்பதால் கெடுதல் இல்லை. எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஊற்றிக் கொதிக்க வைத்துக் கழுவினால் போதும்.

உறவினர் வழியாக வடிகட்டிகளை நாடு விட்டு நாடு கொண்டு போக எண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என் அண்ணன் டெக்சாஸிலிருந்து பெட்டி நிறைய வாங்கி வந்தார். ஒன்றுகூட என் மேக்ஸ்ட்ரா குடுவையில் பொருந்தவில்லை. பிரிட்டா 1966இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட நிறுவனம் என்றாலும், அமெரிக்கக் கண்டங்களில் அந்தப் பெயரில் விற்கும் உரிமை குளோராக்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பெயர் ஒன்று, பொருள் வேறு.

மீட்டர்பிரியன்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஜீரோவாட்டர் என்ற வேறு தயாரிப்புக் குடுவையை வாங்கினால், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் கையோடு தருகிறார்கள். எங்கள் வீட்டுக் குழாய் நீரில் 240 காட்டியது, வடிகட்டியதும் 000 காட்டியது. 006 வந்தால் வடிகட்டியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கெட்டிலில் படிவும் இல்லை. உங்கள் பிரிட்டா நீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

சிரட்டைக்கரி:

ஜீரோவாட்டரைக் குறை சொல்ல மாட்டேன். காரீயத்துக்கு அதுவும் சான்று பெற்றதே. ஆனால் அந்த மீட்டரை வைத்துப் பிற வடிகட்டிகளை எடைபோடுவது சரியன்று. டி.டி.எஸ். மீட்டர் நீரில் கரைந்துள்ள மொத்த உப்பை, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவில், மின்கடத்தலைக் கொண்டு கணிக்கிறது. காரீயத்துக்கு நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவாக அமெரிக்க அரசு 1991 முதல் வைத்திருந்தது நூறு கோடியில் 15 பங்கு. மீட்டரின் கணக்கில் அது 0.015. முழு எண்களை மட்டும் காட்டும் கருவிக்கு அது தெரியவே தெரியாது. தாது உப்பு நிறைந்த நல்ல நீரில் 240 காட்டலாம், காரீயம் கலந்த நீரில் 40 காட்டலாம். மேலும், ஜீரோவாட்டர் எல்லா உப்புகளையும் பிடிப்பதால், உப்பு மிகுந்த ஊரில் விரைவில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் பயன்படுத்தினால் நீர் புளிக்கவோ மீன் வாடை அடிக்கவோ தொடங்கும். நாளுக்கு ஏழு லிட்டர் செலவழிக்கும் வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழையவீட்டுக்காரன்:

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன பிறகு நிலவறைக்குச் சென்று, தண்ணீர் மீட்டருக்கு முன்னால் சுவரிலிருந்து வரும் குழாயைப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறம், காந்தம் ஒட்டவில்லை, சாவியால் மெல்லச் சுரண்டியதும் வெள்ளிபோல் பளபளத்தது. நீர் வழங்கும் நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் எங்கள் முகவரிக்கு நேரே ‘குழாய் வகை தெரியவில்லை’ என்று இருக்கிறது. படம் எடுத்து அவர்களுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் அனுப்பிவிட்டேன். நீல வடிகட்டி ஒன்று வாங்கிப் பொருத்தி, இன்றைய தேதியை ஒட்டுத்தாளில் எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறேன். குழந்தையின் பாலுக்கு மட்டும், குழாய் நீரின் காரீயப் பரிசோதனை முடிவு வரும்வரை புட்டி நீர் வாங்குவதென முடிவு செய்திருக்கிறோம். ஆறு வடிகட்டிகள் கொண்ட பெட்டி சலுகை விலையில் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

சிரட்டைக்கரி:

நீங்கள் விவரிப்பது காரீயக் குழாயேதான். தாமிரம் என்றால் செம்மை தெரியும், துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் காந்தம் ஒட்டும். பெட்டியாக வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நியூ ஜெர்சியில் 2021இல் வந்த சட்டப்படி காரீய இணைப்புக் குழாய்களை நீர் வழங்கும் நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்குள் மாற்றித் தர வேண்டும். உங்கள் முறை எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். குழாயை மாற்றும்போது உள்ளே படிந்திருக்கும் துகள்கள் கிளம்பும் என்பதால், மாற்றியபின் காரீயத்துக்குச் சான்று பெற்ற குடுவை வடிகட்டியும் ஆறு மாதத்துக்கான மாற்று வடிகட்டிகளும் அவர்களே தர வேண்டும் என்று விதி இருக்கிறது. குழந்தை மருத்துவரிடமும் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். இம்மாநிலத்தில் 12, 24 மாத வயதுகளில் குழந்தைகளுக்கு இரத்தத்தில் காரீய அளவு பார்ப்பது வழக்கம். குழாய் விவரம் தெரிந்தால் உங்கள் குழந்தைக்கு முன்கூட்டியே பார்க்கலாமா என்று அவர் முடிவு செய்வார்.