வேலை பாதியாகக் குறைந்தும் யாருக்கும் மனசு ஒட்டவில்லை, ஏன்?

நிலாவெளி:
போன காலாண்டில் புது வாடிக்கையாளர், கழுத்தை நெரிக்கும் கெடு, ராத்திரி வரை வேலை, ஆனாலும் அணியில் எல்லோரும் ஆர்வமாக இருந்தோம். இப்போது வேலை பாதிதான். ஆனால் தினமும் அதே தகவலை மூன்று அறிக்கைகளில் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும், ஒருவர் சரி என்றதை இன்னொருவர் மாற்றச் சொல்வார். கேட்டால் மேலாளர் "வேலை குறைஞ்சதும் சோம்பல் வந்துடுச்சு" என்கிறார். அழுத்தம் குறைந்தால் ஈடுபாடு கூடத்தானே வேண்டும்?

மதியம்_2மணி:
குறைந்தது வேலைதான், அழுத்தம் அல்ல. வேலை அழுத்தத்தை ஆராய்பவர்கள் அதை ரெண்டாகப் பிரிக்கிறார்கள்: கடினமான பணி, பொறுப்பு, கெடு போன்றவை சவால்; குழப்பமான உத்தரவு, அலுவலக அரசியல், தேவையில்லாத நடைமுறை எல்லாம் இடையூறு. கிராஃபோர்ட், லெபைன், ரிச் மூவரும் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சவால் உள்ள இடத்தில் ஈடுபாடு கூடியும் இடையூறு உள்ள இடத்தில் குறைந்தும் இருந்தது. உங்களுக்கு முதலாவது போய் இரண்டாவது வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய_கணக்கர்:
மதியம் சொன்னது சரி, ஆனால் பாதிதான். அதே தொகுப்பில் ரெண்டு வகையுமே சோர்வைக் கூட்டுவதாகவும் வந்தது, இதை மேலாளர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். ஆர்வமாக இருக்கிறார்களே என்று அடுத்தடுத்து கெடு வைத்தால், ஆள் சிரித்துக்கொண்டே தேய்ந்துபோவார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனசு விலகுவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, செய்வது பலிக்கவில்லை என்ற உணர்வு. நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாகத்தான் அதில் வருகிறது. உங்கள் மேலாளர் சோம்பல் என்று சொன்னது இதில் இரண்டாவதாக இருக்கலாம், போன காலாண்டின் பாக்கியும் இதில் சேர்ந்திருக்கும்.

குடைக்காரி:
எனக்கு என்னவோ முடிவெடுக்கும் உரிமைதான் விஷயமாகத் தெரிகிறது. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் காரசெக் 1979-லேயே எழுதியது இது: வேலைப்பளு அதிகம், ஆனால் எப்படிச் செய்வது என்பது நம் கையில் இல்லை, அங்கேதான் மன இறுக்கம் அதிகம். போன காலாண்டில் யார் முடிவெடுத்தார்கள், நீங்களே தானே? மேலாளரிடம் "ஊக்கம் இல்லை" என்று போகாதீர்கள், அறிவுரைதான் கிடைக்கும். இறுதி ஒப்புதல் யாருடையது என்று ஒரே பெயரைக் கேளுங்கள், மூன்று அறிக்கையையும் ஒன்றாக்கி மாதிரியோடு போங்கள்.

நிலாவெளி:
ஆமாம், அப்போது மேலாளர் விடுப்பில் இருந்தார், எல்லாம் நாங்களே முடிவெடுத்தோம்! அறிக்கை மாதிரியை இன்றைக்கே போடுகிறேன். ஒப்புதல் விஷயத்தை எப்படிக் கேட்பது, அந்த இரண்டு பேரில் ஒருவர் அவரேதான்.