தெரபிஸ்ட்டைப் பார்த்ததுமே "இவங்க சரிப்பட மாட்டாங்க"ன்னு நினைச்சிருக்கீங்களா? உங்க அனுபவம்

மழைக்கொடி:
டைவர்ஸ் கேஸ் நடந்துட்டிருந்த சமயம். தோழி ஒரு மேடத்தோட நம்பர் கொடுத்தா. உள்ள போனா சுங்குடிச் சேலை, வகிட்டுல குங்குமம், தாலிச் செயின்ல கொத்தா ஊக்கு. அப்படியே எங்கம்மா. "சொல்லுங்கம்மா"ன்னாங்க. விஷயம் தொண்டையைத் தாண்டலை. ஆபீஸ் டென்ஷன், தூக்கம் வரலைன்னு முக்கால் மணி நேரம் என்னென்னமோ உளறினேன். நான் அந்த ஊக்கையே பாக்கறதைக் கவனிச்சிருப்பாங்க போல. ஒண்ணும் சொல்லாம செயினை எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, "ம், அப்புறம்?"னாங்க. 1200 ரூபா கொடுத்துட்டு வந்தேன். திரும்பப் போகலை. மூணு வருஷமாச்சு, அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

குண்டுப்பையன்:
நான் 112 கிலோ. தெரபிஸ்ட் சாருக்கு ஜிம் உடம்பு, மேசையில புரோட்டீன் ஷேக்கர் வேற. "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"ன்னாரு. "ரெண்டு இட்லி சார்"னு கூசாம சொன்னேன். மடியில இருந்த பையில நேந்திரம் சிப்ஸ் நொறுங்குற சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஆறு வாரம் காசு கொடுத்துப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்.

ரிட்டயர்டு வாத்தியார்:
முதல்ல எழுதின பொண்ணு செஞ்சது தப்பு. தாலி போட்டவங்க எல்லாரும் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு சொல்லிடுவாங்களா? நானும் என் பையனுக்குத் தெரபிஸ்ட் பார்த்தப்ப, காதுல கடுக்கன் போட்டிருந்தான்னு ஒரு தம்பியை வேணாம்னு சொன்னவன்தான். அதை விடுங்க. பார்க்க வேண்டியது படிப்பை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டியிருந்தா ஆர்சிஐ பதிவு எண் இருக்கணும். இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 சட்டம். கூச்சப்படாம நம்பரைக் கேளுங்க. மாத்திரை தேவைப்பட்டா சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட, அதாவது மனநல டாக்டர்கிட்ட போகணும், சைக்காலஜிஸ்ட் எழுதித் தர முடியாது. நம்மாளுங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க. ஆளோட முகம்தான் தடைன்னா 14416-க்கு அடிங்க. டெலிமானஸ்னு மனநல ஹெல்ப்லைன், மத்திய அரசு 2022-ல ஆரம்பிச்சது. இலவசம், தமிழ்லயே பேசலாம். குண்டுப்பையன் தம்பி, ராத்திரி ஏழு மணிக்குள்ள சாப்பிட்டுப் பழகுங்க.

குண்டுப்பையன்:
அய்யா, இதைத்தான் அந்த சாரும் சொன்னாரு.

மழைக்கொடி:
சார், சர்டிபிகேட்டெல்லாம் சுவத்துல ஃப்ரேம் போட்டுத்தான் மாட்டியிருந்தாங்க. என் பிரச்சினை அது இல்ல. மொத்தம் அஞ்சு ஊக்கு, ஒண்ணு துருப்பிடிச்சது. அதுக்கு மேல எதுவும் கண்ணுல படலை. கடுக்கன் தம்பியை வேணாம்னீங்களே, உங்க பையனுக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சா?