அறிவியல் புனைகதைகள் நம்மைத் தவறான விஷயத்துக்குப் பயப்பட வைக்கின்றனவா?

ஜன்னலோர_பெஞ்ச்:

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு வந்தபோது, இதில் உங்களுக்கு எது பயம், எது ஆசை என்று பிள்ளைகளிடம் கேட்டேன். பயம் என்றதும் முக்கால்வாசிப் பேர் சொன்னது எந்திரன் கிளைமாக்ஸ்தான், ஒரே முகத்தோடு கூட்டங்கூட்டமாக ரோபோக்கள் துப்பாக்கியோடு வருமே, அது. 2010இல் வந்த படம், இவர்கள் அப்போது பிறந்திருந்தாலே பெரிது, ஆனாலும் டிவியில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்டது. ஆசை, வீட்டுப்பாடம் எழுதித் தரும் ரோபோ. இதே பிள்ளைகள் வீட்டில் அப்பா போனில் ஏதாவது ஒரு ஆப்பை இறக்கி, அது கேட்கிற அனுமதி எல்லாவற்றையும் படிக்காமலே கொடுத்துவிடுகிறார்கள். அதில் யாருக்கும் பயமில்லை.

கதைகளும் படங்களும் எதையோ காட்டி மிரட்டிவிட்டு, பயப்பட வேண்டியதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றனவா? இல்லை, அவையும் இல்லாவிட்டால் நமக்கு இந்த யோசனையே வந்திருக்காதா? வகுப்பில் தொடர்ந்து பேச வேண்டும், உதாரணத்தோடு சொல்லுங்கள்.

மோடம்_காலத்து_ஆள்:

இரண்டுமே ஒரே படத்தால் நடந்திருக்கிறது. 1983 ஜூனில் 'வார்கேம்ஸ்' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் புது வீடியோ கேம் தேடிப்போய், மோடம் (கணினியைத் தொலைபேசி இணைப்பில் சேர்க்கும் கருவி) வழியாக அமெரிக்க ராணுவத்தின் அணு ஆயுதக் கணினிக்குள்ளேயே நுழைந்துவிடுவான். வெளியான வார இறுதியிலேயே அதிபர் ரீகன் அதைப் பார்த்தார், சில நாள் கழித்து ஒரு கூட்டத்தில் ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் வெஸ்ஸியிடம் இப்படி நிஜத்தில் நடக்குமா என்று கேட்டுவிட்டார். அவர் விசாரித்துவிட்டு வந்து சொன்ன பதில், நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம் என்பது. 1984 செப்டம்பரில் அரசுக் கணினிகளின் பாதுகாப்புக்கென்று அதிபரின் உத்தரவே வந்தது. அதுவரை நிபுணர்கள் அறிக்கை எழுதாமல் இல்லை, ஆனால் அதிபரை அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது படம்தான்.

அப்புறம் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கணினிக் குற்றச் சட்டம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போதும் இந்தப் படத்தை எடுத்துக்காட்டினார்கள். அந்தப் பயத்தில் பிறந்து 1986இல் விரிவான சட்டத்தில், 'அனுமதியின்றி நுழைதல்' என்றால் எதுவரை என்று தெளிவாக இல்லை. அதே சட்டத்தின் கீழ்தான் 2011இல் ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற இளம் அமெரிக்கக் கணினி நிரலாளர் மீது வழக்குப் போட்டார்கள். அவர் செய்தது ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கிலிருந்து லட்சக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகளை இறக்கியது. வழக்கு முடியும் முன்பே, 2013 ஜனவரியில், 26 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏவுகணையை மனதில் வைத்துப் போட்ட சட்டம் கட்டுரை இறக்கியவர் மேல் பாய்ந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கொள்ளிடக்கரை:

டீச்சர், அந்த ஆப் விஷயத்தை விடாதீர்கள். என் தம்பி ஒரு கடன் ஆப்பில் சின்னத் தொகை வாங்கினான். தவணை இரண்டு நாள் தள்ளிப்போனதும் அவன் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் அவனைத் திருடன் என்று மெசேஜ் போனது, எங்கள் பெரியம்மா உட்பட. இதை வைத்து யாராவது நல்ல படம் எடுக்கட்டும், சனங்கள் உஷாராவார்கள்.

வானொலி_ரசிகை:

எல்லோரும் பயத்தையே பேசுகிறீர்கள், ஆசைக்கும் ஒரு உதாரணம் தருகிறேன். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை வைத்தால் அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், மூன்று நிலையம் இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்பது யோசனை. கணக்கு சரி. ஆனால் அவர் நினைத்தது ஆட்கள் தங்கி வேலை பார்க்கும் விண்வெளி நிலையங்களை! டிரான்சிஸ்டர் வராத காலம், மின்னணுக் கருவிகளில் எல்லாம் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்தான், பழுதானால் மாற்ற ஆள் வேண்டுமே. இருபது வருஷத்துக்குள் ஆளில்லாத செயற்கைக்கோள் அதே உயரத்துக்குப் போய்விட்டது. 1975இல் நம் இஸ்ரோ, அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்றை வைத்து 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டியபோது, கொழும்பில் கிளார்க் வீட்டிலும் ஒரு டிஷ் ஆண்டெனா வைத்துக்கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பயமோ ஆசையோ, கதையில் வரும் உருவத்தை அப்படியே நம்பாமல் அதற்குள் இருக்கும் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய_தொடர்கதை:

சுஜாதாவை ஒருவரும் சொல்லவில்லையே! 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கதை நடப்பது ஏறக்குறைய நாம் இருக்கும் இந்த வருஷங்களில். அதில் ரோபோ என்றால் ஜீனோ, ஒரு நாய்க்குட்டி. பேசும், வாசிக்கும், படிக்கிறவர்கள் அதன் மேல் உயிரையே வைத்துவிடுவார்கள். பயம் வருவது அரசாங்கத்தைப் பார்த்து. குழந்தை பெற அனுமதி வாங்க வேண்டும், பெயர்கூட நீளமாக வைக்க முடியாது, எல்லாருடைய விவரமும் ஆட்சியின் கையில். இத்தனைக்கும் எழுதியவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரம் உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு வகித்தவர். அதனால்தானோ என்னவோ, இயந்திரத்தைவிட அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். எந்திரன் பார்த்துப் பயந்த பிள்ளைகளுக்கு அடுத்து இதைக் கொடுங்கள்.

ஜன்னலோர_பெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் பள்ளி நூலகத்தில் ஜீனோ இருக்கிறது, திங்கட்கிழமை முதல் அத்தியாயத்தை வகுப்பில் வாசிக்கப்போகிறேன். கடன் ஆப் சம்பவத்தையும் ஊர் பெயர் இல்லாமல் சொல்லலாமா @கொள்ளிடக்கரை?

கொள்ளிடக்கரை:

தாராளமாகச் சொல்லுங்கள் டீச்சர். 1930 என்ற சைபர் புகார் எண்ணையும் போர்டில் எழுதிப் போடுங்கள்.