டிஏசியை நேராக மாட்டினால் ஸ்பீக்கரில் இரைச்சல், ஐசொலேட்டர் போட்டால் 192 காணோம்

நெய்தல்78:
வணக்கம். லேப்டாப்பில் விண்டோஸ் 11. அதிலிருந்து யூஎஸ்பி கேபிளில் ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி). அதற்குத் தனி பவர் கிடையாது, லேப்டாப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முன்னால் ஹெட்போன் சாக்கெட், பின்னால் ஆர்சிஏ. ஆர்சிஏ நேராக ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் இன்புட்டுக்குப் போகிறது.

இப்படி மாட்டினால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். மவுஸில் ஸ்க்ரோல் செய்தால் அதன் மேல் ‘கீர்ர்’ என்று இன்னொன்று. சார்ஜரைப் பிடுங்கினால் இரண்டும் போய்விடும். எங்கோ படித்துவிட்டு ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர் (இரு பக்கத்துக்கும் நடுவே நேர் மின்தொடர்பைத் துண்டிக்கும் சாதனம்) வாங்கி நடுவில் போட்டேன். இரைச்சல் சுத்தமாகப் போச்சு. ஆனால் இப்போது புதிதாக இரண்டு தொல்லை. அவுட்புட் ஃபார்மட் பட்டியல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, முன்பு 192-க்கு மேலும் காட்டியது. ஹெட்போன் மாட்டி வால்யூமை முக்கால் பங்கு தாண்டித் திருகினால் டிஏசி அறுந்துபோய், விண்டோஸ் ‘டிடிங்’ என்று சத்தம் கொடுத்து மறுபடி சேர்கிறது. டிரைவர் கோளாறா?

தாளக்கட்டு:
கம்பெனி தளத்தில் டிரைவர் இருந்தால் போட்டுப் பாருங்கள் ப்ரோ. கேபிளையும் மாற்றிப் பாருங்கள், சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும்தான்.

ஓம்விதி:
சார்ஜ் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. அதில் டிஏசியின் விளக்கு எரியும், ஆனால் விண்டோஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இங்கே பாட்டு ஓடுகிறது, ஆகவே கேபிள் இல்லை. டிரைவரும் இல்லை. யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொதுத் தரத்துக்கான டிரைவர் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே (2017) உள்ளேயே வருகிறது. விண்டோஸ் 7, 8 என்றால்தான் கம்பெனி டிரைவர் கட்டாயம்.

இரண்டு தொல்லைக்கும் காரணம் அந்த ஐசொலேட்டர் ஒன்றுதான்.

முதலில் 192. விலை குறைந்த ஐசொலேட்டர்களில் பெரும்பாலும் ஏடியுஎம்4160 சிப் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று இருக்கும். அது யூஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடு, அதாவது 12 மெகாபிட் வரைதான் போகும். அந்த வேகத்தில் ஆடியோவுக்கு ஒரு மில்லி செகண்டுக்கு அதிகபட்சம் 1023 பைட் கிடைக்கும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சேனல் என்றால் 96 × 3 × 2 = 576 பைட், தாராளமாக நுழையும். 192 என்றால் 1152 பைட். நுழையாது. டிஏசி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு 96-ஐ மட்டும் காட்டுகிறது. இப்படி இறங்கி வரத் தெரியாத டிஏசிகளும் உண்டு, அவை ஐசொலேட்டர் வழியாக வேலையே செய்யாது.

அடுத்து அறுந்துபோவது. அந்தச் சிப் டேட்டாவைத்தான் பிரிக்கும், பவரைப் பிரிக்கப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டி இருக்கும். மேலே பி0505எஸ்-1டபிள்யூ என்ற மாதிரி அச்சிட்டிருந்தால் அது 1 வாட், 5 வோல்ட்டில் வெறும் 200 மில்லி ஆம்பியர். லேப்டாப்பின் யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும், யூஎஸ்பி 3 என்றால் 900. ஹெட்போனில் சத்தம் கூட்டும்போது, அதிலும் பேஸ் அடிக்கும்போது, டிஏசி இழுக்கிற கரண்டைக் கட்டியால் தர முடியவில்லை. வோல்ட்டேஜ் சரிகிறது, டிஏசி ரீசெட் ஆகிறது.

ஹெட்போனில் மட்டும் கேட்பதென்றால் ஐசொலேட்டரே வேண்டாம். ஹெட்போன் வேறு எந்த எர்த்தோடும் சேரவில்லை, அங்கே லூப் (இரண்டு எர்த்துகள் வயர் வழியாகச் சேர்ந்து முடியும் சுற்று, இரைச்சலுக்குக் காரணம்) உருவாக வழியில்லை.

மூணுபின்:
ஐசொலேட்டரை எடுத்துவிட்டு சார்ஜரை இரண்டு பின் அடாப்டரில் போடுங்கள். எர்த் போனால் ஹம் போயிடும். காசே ஆகாது.

ஓம்விதி:
வேண்டாம், தயவுசெய்து. ஹம் போகும், கூடவே பாதுகாப்பும் போகும். சார்ஜருக்குள் மெயின்ஸுக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவே ஒரு ஒய் கெபாசிட்டர் இருக்கிறது. எர்த்தைத் துண்டித்தால் லேப்டாப் உடம்பு ஏறக்குறைய பாதி மெயின்ஸ் வோல்ட்டேஜில் மிதக்கும், உலோக மூடியைத் தொட்டால் குறுகுறுக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆள் சாகமாட்டார். ஆனால் ஆர்சிஏ பிளக்கில் நடு ஊசி முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். அந்த நொடியில் மிதக்கிற வோல்ட்டேஜ் நேராக ஆம்ப் இன்புட்டில் இறங்கும். நாளைக்கே சார்ஜர் உள்ளே ஷார்ட் ஆனால் காப்பாற்ற எர்த்தும் இருக்காது.

நெய்தல், லூப்பின் மறுமுனை எங்கே என்று பார்க்க வேண்டும். சார்ஜர் மூன்று பின்னா? ஆம்ப் எத்தனை பின்? எல்லாம் ஒரே போர்டிலா? ஆம்ப்பின் பின்னால் வேறு என்னென்ன செருகியிருக்கிறீர்கள்?

நெய்தல்78:
சார்ஜர் மூன்று பின். ஆம்ப் இரண்டு பின்தான். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில். ஆம்ப்பில் டிஏசி தவிர கேபிள் டிவி செட்டாப் பாக்ஸின் ஆடியோ வயர் இருக்கிறது, டிவி சத்தத்துக்காக. ஆனால் அது ஆஃபில்தான் இருக்கும்.

ஓம்விதி:
அங்கேதான் இருக்கிறது. ஆம்ப் இரண்டு பின் என்றால் அதற்கு எர்த் கிடையாது. சார்ஜரின் எர்த் யூஎஸ்பி வழியாக டிஏசிக்கும், ஆர்சிஏ வழியாக ஆம்ப்புக்கும் வந்தாலும் அதோடு நிற்க வேண்டும், சுற்று முடியக் கூடாது. முடித்து வைப்பது செட்டாப் பாக்ஸ். தெருவிலிருந்து வரும் கேபிளின் வெளி வலைக்கு வேறோர் இடத்தில் எர்த் இருக்கும், அது உங்கள் வீட்டு எர்த்தோடு ஒத்துப்போகாது. அந்த வித்தியாசம் ஆர்சிஏ வயரின் வலை வழியாக ஓடுகிறது. ‘ம்ம்ம்’ அதுதான். லேப்டாப்பின் வேலை கூடக் குறைய, அதன் இரைச்சலும் அதே பாதையில் சேர்கிறது, அதுதான் ஸ்க்ரோல் செய்யும்போது வரும் ‘கீர்ர்’. பாக்ஸ் ஆஃபில் இருப்பதால் எதுவும் மாறாது, வலை தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?

சோதனை: ஆம்ப்பை ஆஃப் செய்யுங்கள். ஐசொலேட்டரை எடுத்துவிட்டு டிஏசியை நேராக மாட்டுங்கள். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் தெருக் கேபிளை மட்டும் கழற்றுங்கள், ஆடியோ வயரைத் தொடாதீர்கள். சார்ஜரோடு ஆம்ப்பை ஆன் செய்து கேளுங்கள்.

நெய்தல்78:
கழற்றியதும் அமைதி! ட்வீட்டரில் காதை வைத்தால் லேசாக ‘ஸ்ஸ்’, அவ்வளவுதான். பட்டியலில் 192-ம் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் டிவி பார்க்க வேண்டுமே?

தாளக்கட்டு:
ஆர்சிஏவில் போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் இருக்கிறதே, அதை செட்டாப் பாக்ஸ் வயரில் போடலாம்.

ஓம்விதி:
போடலாம். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர், மலிவானதில் பேஸ் இளைத்துவிடும். சீரியல் வசனத்துக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அதுவே மேல்: செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியிலிருந்து ஆப்டிகல் வயர் ஒரு சின்ன கன்வெர்ட்டருக்கு, அங்கிருந்து ஆர்சிஏ ஆம்ப்புக்கு. பழைய ஆடியோ வயரைக் கழற்றிவிடுங்கள். ஆப்டிகலில் போவது வெளிச்சம், கம்பித் தொடர்பு அங்கே அறுந்துவிடும்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் வேண்டும் என்று டிவியின் யூஎஸ்பியிலேயே செருகுவார்கள், லூப் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். தனியாக ஒரு போன் சார்ஜர் போடுங்கள். இன்னொன்று, டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று வையுங்கள். டால்பி என்று விட்டால் சின்ன கன்வெர்ட்டருக்குப் புரியாது, சத்தமே வராமலோ கரகரப்பாகவோ இருக்கும்.

192 வந்ததற்காக அதையே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டாம். சாதாரணமாக விண்டோஸ் எல்லாச் சத்தத்தையும் நீங்கள் வைத்த எண்ணுக்கு மாற்றித்தான் அனுப்பும். சிடியிலிருந்து எடுத்த 44.1 பாட்டு 192 ஆவதால் அதில் இல்லாதது எதுவும் வந்து சேராது. ஃபூபார்2000 மாதிரி பிளேயரில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் (டிஏசியை அந்தப் பிளேயர் மட்டுமே பிடித்துக்கொள்ளும் முறை) தேர்ந்தெடுத்தால் பாட்டுக்குத் தகுந்தபடி அதுவே மாற்றிக்கொள்ளும். அப்போது யூடியூப் சத்தம் வராது, பிளேயரை நிறுத்தினால் வரும்.

நெய்தல்78:
டிவியில் ஆப்டிகல் இருக்கிறது சார். வயரும் கன்வெர்ட்டரும் வாங்கி மாட்டிவிடுகிறேன். அந்த ஐசொலேட்டரை என்ன செய்ய?

ஓம்விதி:
பிரிண்டர், ஆர்டுயினோ மாதிரி வேகம் கேட்காத சாமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.